அந்தப் பக்கம் எதைச் சொல்லலாம்?

பதினைந்து வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். சாட்சி சொன்னதை அடித்தேன், வக்கீல் கத்தியதை அடித்தேன், நீதிபதி இருமியதைத் தவிர எல்லாவற்றையும் அடித்தேன். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம், "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் முப்பத்தெட்டு வயதில் சட்டக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். இனி நான் பேசுகிறேன், வேறு யாராவது உட்கார்ந்து அடிக்கட்டும்.

நான் சேர்ந்த நேரம் பார்த்துப் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். மூன்றாம் ஆண்டில் ஓர் எழுத்துத் தேர்வைத் தூக்கிவிட்டு, சமரசப் பயிற்சி என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். இனிமேல் வக்கீல் என்றால் வாதாடத் தெரிந்தால் மட்டும் போதாது, இரண்டு பேரை உட்கார வைத்துப் பேசித் தீர்க்கவும் தெரிய வேண்டும் என்று கல்லூரி முதல்வர் மேடையில் முழங்கினார். நூலகத்துப் புத்தகமெல்லாம் கணினிக்குள் போய்விட்டதால் அலமாரிகளைக் கழற்றிவிட்டு அங்கேயே இலவச சமரச மையம் திறந்தார்கள். யாரும் தலைமை இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று வட்ட மேஜை வாங்கினார்கள். அழுகிறவர்களுக்கு ஒரு பெட்டி டிஷ்யூ தாள். தனித்தனியாகப் பேச இரண்டு பக்கமும் இரண்டு சின்ன அறைகள். கோர்ட்டிலிருந்து நிஜ வழக்குகள் அங்கே வரும். மாணவர்கள் மத்தியஸ்தராக உட்கார வேண்டும், ஆசிரியை ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்.

ஆசிரியை என்னைவிட ஒன்பது வயது சின்னவர். வகுப்புக்கு வெளியே என்னை "அக்கா" என்பார், உள்ளே வந்தால் "நீங்க" என்று மட்டும் சொல்வார். நான் அவரை எங்கே பார்த்தாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். மதிப்பெண் அவர் கையில் அல்லவா இருக்கிறது.

அவர் சொல்லிக்கொடுத்ததில் இரண்டு விஷயம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒன்று, பேச வருகிறவர்களை அக்கா, அண்ணா, அம்மா என்று உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒரு பக்கத்தை அக்கா என்று சொல்லிவிட்டால் அடுத்த பக்கம், "ஓ, சொந்தமா?" என்று நினைக்குமாம். தமிழில் உறவு சொல்லாமல் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டையைச் செருமித்தான் கூப்பிட வேண்டும். அந்த வருடம் நான் செருமிய செருமலில், வீட்டில் என் கணவர் இருமல் மருந்து வாங்கி வந்து வைத்தார்.

இன்னொன்று முகம். எதைக் கேட்டாலும் மத்தியஸ்தர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. என் முகமோ பிறந்ததிலிருந்தே அறிவிப்புப் பலகை. மேடம் எங்களுக்குப் பதிவு செய்த குரல்களைப் போட்டுக் காட்டுவார். ஒருத்தி கணவனைத் திட்டுவாள், ஒருவன் அண்ணனைச் சபிப்பான், நாங்கள் கைப்பேசிக் கேமராவுக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று முறை தோற்றுப் போனேன். பிறகு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். ஒரு நாள் சாப்பிடும்போது என் மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, அந்த மூஞ்சிய மாத்து, பயமா இருக்கு" என்றாள். அப்போதுதான் தேறிவிட்டேன் என்று தெரிந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு. தனி அறையில் ஒருவர் சொல்வது அந்த அறையோடு சரி. அவர் சம்மதித்ததை மட்டும்தான் அடுத்த அறைக்கு எடுத்துப் போகலாம். அதனால் தனிப் பேச்சு முடிந்து எழுந்திருக்கும் முன் மத்தியஸ்தர் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "இதுல அந்தப் பக்கம் எதைச் சொல்லலாம்?" கேட்க மறந்தால் ஐந்து மதிப்பெண் போய்விடும். நான் மறந்ததே இல்லை.

எனக்கு வந்த முதல் நிஜ வழக்கு ஒரு தையல்காரம்மாவுடையது.

ஐம்பது வயதிருக்கும். முப்பது வருடமாகத் தைப்பவர். வலது மணிக்கட்டில் ஒரு சின்னக் கட்டி. வலி கிடையாது, கத்தரிக்கோல் பிடிக்கும்போது இடித்தது, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை என்று சொல்லித் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடுத்துவிட்டார்கள். கட்டியோடு நரம்பும் போய்விட்டது. கட்டைவிரல் மரத்துப் போனது, மடங்கவும் இல்லை. ஆபரேஷன் செய்தவர் முப்பது வயது டாக்டர், தனியாகக் கத்தி பிடிக்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தையல்காரம்மா புகார் கொடுத்தார், கோர்ட் அதை எங்களிடம் அனுப்பியது.

அன்று காலை பத்து மணிக்கு வட்ட மேஜையில் உட்கார்ந்தோம். தையல்காரம்மா தனியாக வந்திருந்தார். அந்தப் பக்கம் டாக்டரும் மருத்துவமனை வக்கீலும். வக்கீல் கையில் ஒரு தடித்த பேனா. அதை அவர் திறந்ததே இல்லை. டாக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேனாவை எடுத்து டாக்டரின் முன்னால் இருக்கும் கோப்பின் மேல் மெதுவாக வைப்பார். டாக்டர் வாய் மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரம் இப்படியே போனது. வக்கீல் இழப்பீட்டைப் பற்றிப் பேசினார், தையல்காரம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, தனித்தனியாகப் பேசலாம் என்றேன்.

முதலில் தையல்காரம்மாவோடு இடது பக்க அறையில் உட்கார்ந்தேன். மேடம் மூலையில் தாளும் பென்சிலுமாக இருந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல" என்றேன், செருமிக்கொண்டு.

அவர் வலது கையை மேஜை மேல் வைத்தார். கட்டைவிரல் மட்டும் ஒட்டாமல் தனியாக நின்றது.

"ஊசி குத்தினா தெரியலம்மா. வெள்ளைத் துணியில ரத்தத்தப் பார்த்தாத்தான், ஓ குத்திடுச்சு போலன்னு தெரியுது. ஒரு கல்யாணத் துணிய இப்பிடித்தான் பாழாக்கினேன். அதோட காஜா எடுக்கறத விட்டுட்டேன். இப்ப அடுத்தவங்க தைச்சதுக்குப் பட்டன் எடுத்துக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

"அதுக்கு அவங்க குடுக்கறதா சொல்ற தொகை..."

"அத விடும்மா. குடுக்கட்டும், குடுக்காம போகட்டும். ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் பிள்ள என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்'னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் மூணு தடவ போனேன். மூணு தடவையும் என் முகத்தப் பார்க்காம பேப்பரப் பார்த்துத்தான் பேசிச்சு. அம்மாவா இருந்தவ பேஷண்ட் ஆயிட்டேன். தப்பு எல்லாருக்கும் வரும். நான் வெட்டித் தப்பாக்காத துணியா? 'தப்பாயிடுச்சும்மா, மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்."

என் முகம் அசையவில்லை. உள்ளே என்னவோ குதித்தது. ஒரு வார்த்தைதானே, இதோ பக்கத்து அறையில் இருக்கிறார், பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றியது.

இங்கேதான் நான் சொதப்பினேன். கோர்ட்டில் சாட்சி சொன்னதை அடித்து முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு, கையெழுத்து வாங்குவோம். பதினைந்து வருடப் பழக்கம், விடுமா? தலையை நிமிர்த்தி, தெளிவான குரலில், ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன்.

"'தப்பாயிடுச்சு, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்'னு சொன்னீங்க. இத அந்தப் பக்கம் சொல்லலாமா?"

தன் வார்த்தை அடுத்தவர் வாயில் வந்ததும் அவர் முகம் மாறிப் போனது. மனசுக்குள் இருந்தவரை அது ஆசை. நான் வாசித்ததும் அது மனு ஆகிவிட்டது. வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. சொல்லாதீங்க."

"ஏன்?"

"நீங்க போய்ச் சொல்லி, அந்த வக்கீல் சரின்னு தலையாட்டி, அப்புறம் அந்தப் பிள்ள வந்து ஒப்பிச்சா, அது எனக்கு எதுக்கு? கேட்டு வாங்கறதுக்கு அது என்ன, கடன் குடுத்த பொருளா? அதுவா வாயில வரணும். வந்தா வரட்டும். இல்லன்னா வேண்டாம்."

எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். கோடி காட்டட்டுமா என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். மேடம் பென்சிலால் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். கேள்வியைக் கேட்டதற்கு ஐந்து மதிப்பெண் விழுந்திருக்கும்.

அடுத்து வலது பக்க அறை. மேடமும் வந்து மூலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வக்கீலுக்கு ஃபோன் வந்தது. நம்பரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், யாரோ பெரிய இடம். "ரெண்டு நிமிஷம்" என்று வெளியே போனார். பேனாவையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனார்.

கதவு மூடியதும் டாக்டர் பேச ஆரம்பித்தார். யாரோ கழுத்திலிருந்து கையை எடுத்தது போல வந்தது பேச்சு.

"எனக்கு அப்பவே தெரியும் மேடம். வெட்டின அந்த நொடியே தெரியும். பெரிய டாக்டரக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு நானே தச்சு மூடிட்டேன். அவங்க கண்ண முழிச்சதும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. தேங்க்ஸ் தம்பின்னாங்க." அவர் டிஷ்யூவை எடுக்கவில்லை, சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். "அவங்க கால்ல விழுந்து சொல்லணும் போல இருக்கு. ஒவ்வொரு தடவ அவங்க வந்தப்பவும் சொல்லத்தான் நினைச்சேன். நிமிர்ந்து பார்த்தா சொல்லிடுவேன்னுதான் பேப்பரயே பார்த்துட்டு இருந்தேன்."

கடவுளே என்று நினைத்தேன். இரண்டு சுவர், நடுவில் ஒரு வட்ட மேஜை. ஒரு பக்கம் வார்த்தைக்குக் காத்திருக்கும் காது. இன்னொரு பக்கம் காதுக்குக் காத்திருக்கும் வார்த்தை. நடுவில் நான் ஒருத்தி, வாயைத் தைத்துக்கொண்டு.

"சொல்லலாமே" என்றேன். "இந்த மேஜையில பேசறத எந்தக் கோர்ட்டிலயும் சாட்சியா கொண்டு வர முடியாது. அது சட்டம். நீங்க தாராளமா..."

"அது மேஜையிலதான்" என்றார் வக்கீல், கதவைத் திறந்தபடி. நாற்காலியில் உட்கார்ந்தார். "வெளிய போய் அந்தம்மா பக்கத்து வீட்டுல சொன்னா? அது எங்கயாவது எழுத்துல வந்தா? டாக்டரே ஒத்துக்கிட்டாருன்னு ஆயிட்டா இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான், இவரு லைசன்ஸ் கேள்விக்குறி. சட்டம் அவங்க பின்னாடியே தெருவுக்குப் போய் வாயப் பொத்துமா மேடம்? நீங்க படிச்சுட்டு இருக்கீங்க. நான் இருபத்தாறு வருஷமா பார்த்துட்டு இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். முகம் மட்டும் அப்படியே இருந்தது. நல்ல முகம், மார்க் வாங்கும் முகம்.

"இதுல அந்தப் பக்கம் எதைச் சொல்லலாம்?" என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டும்.

"தொகையச் சொல்லலாம்" என்றார் வக்கீல். "வேற எதுவும் கிடையாது."

நான் டாக்டரைப் பார்த்தேன். விதிப்படி சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் மேஜையைப் பார்த்தார்.

"வேண்டாம் மேடம்" என்றார். "சொல்லணும்னு நினைச்சான், ஆனா தைரியம் இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அது சொல்லாம இருக்கறதவிடக் கேவலம்."

வராந்தாவில் மேடத்தைப் பிடித்து நிறுத்தினேன். "என்னால முடியல மேடம். ரெண்டு பேரும் ஒண்ணத்தான் கேக்கறாங்க. நான் ஒரே ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிடும்."

அவரும் கேட்டிருந்தார், அவருக்கும் கண் சிவந்திருந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

"சொன்னீங்கன்னா, நாளைக்கு இந்த ரூமுக்குள்ள வந்து யாருமே வாயத் திறக்க மாட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவுமில்லாம, அந்தம்மா என்ன சொன்னாங்க? அதுவா வரணும்னாங்க. நீங்க கொண்டு போய்க் குடுத்தா அது மன்னிப்பு இல்லக்கா, தபால்."

அக்கா என்றது அவர் வாயில் தானாக வந்துவிட்டது. இருவரும் கவனிக்காதது போல உள்ளே போனோம்.

மறுபடி வட்ட மேஜை. வக்கீல் சொன்ன தொகைக்குத் தையல்காரம்மா தலையாட்டிவிட்டார். கையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. விதிக்கு உட்பட்டு யாரிடமும் கேட்கக்கூடிய கேள்வி அது. கேட்டேன்: "எழுதறதுக்கு முன்னாடி, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நேரா ஏதாவது சொல்லணும்னா, இப்ப சொல்லலாம்."

தையல்காரம்மா ஜன்னலை விட்டுத் திரும்பி, அன்று முதல் தடவையாக டாக்டரை நேராகப் பார்த்தார். டாக்டர் நிமிர்ந்தார். வாய் திறந்தது. பேனா மெதுவாக வந்து கோப்பின் மேல் உட்கார்ந்தது.

"கை... இப்ப எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"இருக்கு" என்றார் தையல்காரம்மா.

அவ்வளவுதான் பேச்சு.

ஒப்பந்தத்தை நான் எழுத வேண்டியதில்லை. புதிதாக வந்த மென்பொருளில் பெயரையும் தொகையையும் போட்டால் அதுவே எழுதித் தந்துவிடும். அதில் ஆறாவது பிரிவு ஒன்று உண்டு: இந்த உடன்பாட்டினால் எந்தத் தரப்பும் எந்தத் தவறையும் ஒப்புக்கொண்டதாகாது. அதை நீக்கலாமா என்று சுட்டியை வைத்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. பூட்டி வைத்திருந்தார்கள். கையெழுத்துக்கு முன் முழுவதையும் மத்தியஸ்தர் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பதும் விதி. வாசித்தேன். ஐந்து முடிந்து ஆறு வந்தது. பதினைந்து வருடத்தில் எத்தனை லட்சம் வரி அடித்திருப்பேன், ஒரு வரி இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. வாசித்து முடித்ததும் தையல்காரம்மா, "சரிம்மா" என்றார்.

அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது கையால் போட்டார். ஆபரேஷனுக்கு முன் சம்மதத் தாளில் போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, கைரேகை வாங்கிக்கொள்ளலாம் என்று வக்கீல் கிளப்பினார். மைப்பெட்டி வந்தது.

"எந்த விரல் வைக்கணும்?" என்று கேட்டவர், நான் பதில் சொல்லும் முன் வலது கையை நீட்டினார். "இதுதானே கேஸ் போட்டிச்சு. இதுவே வைக்கட்டும்."

விரல் மரத்திருந்ததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் ரேகை தாளில் படவே இல்லை, இரண்டாவது இழுபட்டு அப்பிக்கொண்டது. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது டாக்டர் எழுந்து வந்தார். யாரும் சொல்லவில்லை. குனிந்து, அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து, மையில் தொட்டு, தாளில் உருட்டினார். வரி வரியாக, சுத்தமாக விழுந்தது. பெட்டியிலிருந்து டிஷ்யூவை எடுத்து விரலைத் துடைத்தார். மை போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்திருந்த டாக்டரின் உச்சந்தலையைப் பார்த்தபடி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். சொல்லு, சொல்லித் தொலை, இந்த நிமிஷம் போனால் போனதுதான் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"போலாமா டாக்டர்?" என்றார் வக்கீல்.

டாக்டர் விரலை மேஜை மேல் மெதுவாக வைத்துவிட்டு, நிமிராமலே போய்விட்டார்.

மேடம் மதிப்பெண் தாளைக் கொடுத்தார். இரகசியம் காத்தல், பத்துக்குப் பத்து. முகக் கட்டுப்பாடு, பத்துக்குப் பத்து. வகுப்பிலேயே அதிகம் எனக்குத்தான். நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, தையல்காரம்மாவை வழியனுப்ப வாசல் வரை போனேன். அவர் படியில் நின்று திரும்பினார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? அந்த ரூம்ல தனியா இருந்தப்ப, அந்தப் பிள்ள என்னைப் பத்தி ஏதாவது சொல்லிச்சா?"

அழுதார் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் காலில் விழ வேண்டும் என்றார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது. பேசத்தானே இந்தப் படிப்புக்கே வந்தேன்.

"அத... நான் சொல்லக் கூடாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பழுது தேடுவது போல, நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இப்போதாவது காட்டிக்கொடு என்று நான் என் முகத்தைக் கெஞ்சினேன். அதற்குப் பழகியதைத்தான் அது செய்தது.

"விடும்மா" என்றார். "ஏதாவது சொல்லியிருந்தா உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும்."

இறங்கத் தொடங்கினார்.

"அக்கா!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

திரும்பினார். "என்னம்மா?"

"பார்த்துப் போங்க" என்றேன். "படி வழுக்கும்."

இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.